சவுலின் கையிலிருந்த ஈட்டி

சிறு வயதில் எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் வேதாகமத்தை வரிசையாகவே வாசிப்போம். அப்பா ஓர் இரவுக்கு ஓர் அதிகாரம் என்று கணக்கு வைத்திருந்தார். பிடித்த பகுதி, பிடிக்காத பகுதி என்று பார்த்துத் தாண்டிப் போக அவர் விட்டதில்லை. சாமுவேலின் முதலாம் புத்தகம் தொடங்கிவிட்டால், கோலியாத்து விழும் 17ஆம் அதிகாரம் என்றைக்கு வரும் என்று நாங்கள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்போம். ஞாயிறு பள்ளியில் கதை அந்த இடத்தோடு முடிந்துவிடும். வீட்டில் முடியாது, மறுநாள் இரவே 18ஆம் அதிகாரம் வந்துவிடும், வென்று திரும்பிய தாவீதை இஸ்ரவேலின் ராஜாவாகிய சவுல் பார்க்கும் பார்வை அதில் மாறிவிடும். “அந்நாள்முதற்கொண்டு சவுல் தாவீதைக் காய்மகாரமாய்ப் பார்த்தான்” என்று அப்பா வாசித்த ஓர் இரவில், காய்மகாரம் என்றால் என்ன என்று கேட்டேன். “ஒருத்தன் நல்லா இருக்கிறதப் பாத்து இன்னொருத்தன் உள்ளுக்குள்ள காயிறது” என்றார். அதைச் சொல்லிவிட்டு, புத்தகத்தை மூடாமல் அவர் சற்று நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

எபிரெய மூலத்தில் அந்த இடத்தில் வரும் வினைச்சொல் ‘கண்’ என்ற சொல்லின் வேரிலிருந்து பிறந்தது. சவுல் அன்றுமுதல் தாவீதின்மேல் கண் வைத்தான் என்று சொன்னால் மூலத்துக்கு மிக அருகில் இருக்கும். தமிழில் பெயர்த்தவர்கள் அந்தக் கண்ணுக்குள் இருந்த காய்ச்சலையும் சேர்த்தே சொல்லிவிட்டார்கள்.

சந்தேகம் பிடித்த ஆட்சியாளர்களுக்கு வேதாகமத்தில் பஞ்சமில்லை. யோசேப்பை அறியாத புதிய பார்வோன், எபிரெயர் பெருகுவதைக் கண்டு, போர் வந்தால் இவர்கள் பகைவரோடு சேர்ந்துகொள்வார்கள் என்று அஞ்சி, பிறக்கும் ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்னான். ஏரோது, யூதருக்கு ராஜாவாகப் பிறந்திருக்கிறவர் எங்கே என்ற ஒரு கேள்வியைக் கேட்டே கலங்கினான். அவனோடுகூட எருசலேம் நகரத்தார் அனைவரும் கலங்கினார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். அரசன் ஒருவனை ஐயுறத் தொடங்கினால் அடுத்து யார் வீட்டுக் கதவு தட்டப்படும் என்று தெரியாமல் ஊரே தூக்கமிழக்கும் என்பது அந்தச் சிறு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. ஆனாலும் பார்வோனையும் ஏரோதையும் நாம் தூரத்திலிருந்துதான் பார்க்கிறோம். நல்லவனாகத் தொடங்கிய ஒரு மனிதனுக்குள் சந்தேகம் எப்படிக் குடியேறி, எப்படி வளர்ந்து, எதையெல்லாம் தின்று முடிக்கிறது என்பதை அத்தியாயம் அத்தியாயமாகக் காட்டுவது சவுலின் கதை ஒன்றுதான். ஆகவே அங்கேயே நிற்க விரும்புகிறேன்.

சவுல் தொடக்கத்தில் சந்தேகக்காரன் அல்லன். அவனை ராஜாவாகத் தெரிந்துகொண்ட நாளில், இவனா நம்மை ரட்சிக்கப்போகிறவன் என்று சிலர் ஏளனம் செய்து, காணிக்கை கொண்டுவராமல் போனார்கள். அவனோ காதுகேளாதவன்போல இருந்தான் என்கிறது வேதம். அதன்பின் அம்மோனியனாகிய நாகாஸ் கீலேயாத்திலுள்ள யாபேசை முற்றுகையிட்டு, ஊராருடைய வலது கண்களைப் பிடுங்கினால்தான் உடன்படிக்கை என்று மிரட்டியபோது, சவுல் படைதிரட்டிச் சென்று அந்த ஊரை மீட்டான். அந்த வெற்றியின் சூட்டில் ஜனங்கள், முன்பு ஏளனம் பேசியவர்களைக் கொண்டுவாருங்கள், கொன்றுபோடுவோம் என்று கூவினார்கள். இன்றைக்கு ஒருவனும் கொல்லப்படக் கூடாது என்று தடுத்தவன் சவுல். ஏளனத்தைக் கேட்டும் கேளாமல் இருக்கத் தெரிந்த காது அது. பிற்பாடு ஒரே ஒரு பாட்டைக் கேட்டு, சாகும்வரை அதையே கேட்டுக்கொண்டிருந்ததும் அதே காதுதான்.

அந்தப் பாட்டு எல்லோருக்கும் தெரியும். பெண்கள் தம்புருகளோடு எதிர்கொண்டு வந்து ஆடிப்பாடி, “சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம்” என்று முறைமுறையாகப் பாடினார்கள். சவுலுக்கு அது ஒரு கணக்காகக் காதில் விழுந்தது. தாவீதுக்குப் பதினாயிரம், எனக்கோ ஆயிரம், இன்னும் ராஜாங்கம் மாத்திரம் அவனுக்குக் குறைவாயிருக்கிறது என்று அவன் எரிந்தான். ஆனால் எபிரெயக் கவிதையின் நடையை அறிந்தவர்களுக்கு, ஆயிரமும் பதினாயிரமும் அடுத்தடுத்த அடிகளில் இணையாக வரும் ஒரு வழக்கமான ஜோடி என்பது தெரியும். நம் வீடுகளில் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடமான 91ஆம் சங்கீதத்தில், உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும் என்று வருகிறது. வலதுபுறத்தில் பத்து மடங்கு ஆட்கள் நின்றார்கள் என்று அதை வாசிக்கும் எவரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஏராளமானோர் விழுந்தார்கள் என்று எடுத்துக்கொள்கிறோம். பெண்கள் இருவரையும் சேர்த்தே வாழ்த்தியிருக்க முடியும். பாட்டு ராஜாவின் பெயரைத்தான் முதலில் சொல்கிறது. வாழ்த்திலிருந்து அவமானத்தைப் பிரித்தெடுத்துக்கொண்டது கேட்டவனுடைய மனம் என்றே நான் நினைக்கிறேன்.

இதனால் சவுலின் ஐயம் ஆதாரமற்றது என்று சொல்லிவிட முடியாது. இந்தக் கதையில் என்னை நீண்ட காலம் அலைக்கழித்த இடம் இதுதான். கர்த்தர் ராஜ்யத்தை உன்னிடத்திலிருந்து கிழித்துப்போட்டு, உன்னைப்பார்க்கிலும் உத்தமனாகிய உன் தோழனுக்குக் கொடுத்தார் என்று தீர்க்கதரிசியாகிய சாமுவேல் அவன் முகத்துக்கு நேரே சொல்லியாயிற்று. பெத்லெகேமில் தாவீது இரகசியமாக அபிஷேகம் பண்ணப்பட்டதும் உண்மை. ஆகவே இவன் என் இடத்துக்கு வருவான் என்று சவுல் எண்ணியது தவறான தகவல் அல்ல. தகவல் சரியாக இருந்தும் மனிதன் எப்படி இவ்வளவு தவறிப்போனான் என்ற கேள்விக்கு, அவனுடைய மகனைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால்தான் விடை கிடைக்கிறது. யோனத்தானுக்கும் அதே செய்தி தெரியும். இழப்பதற்கு அவனுக்குத்தான் அதிகம் இருந்தது, ஏனென்றால் அடுத்த ராஜா அவன். அப்படிப்பட்டவன் தன் சால்வையையும், தன் பட்டயத்தையும், வில்லையும், கச்சையையும் கழற்றித் தாவீதுக்குக் கொடுத்தான்.

அந்தப் பட்டயத்தின் அருமையை உணர ஐந்து அதிகாரம் பின்னால் போக வேண்டும். இஸ்ரவேலில் எங்கும் கொல்லன் கிடையாது. எபிரெயர் ஆயுதம் செய்யாதபடிக்குப் பெலிஸ்தர் பார்த்துக்கொண்டார்கள். கொழுவையும் மண்வெட்டியையும் கோடாரியையும் தீட்டுவதற்குக்கூடப் பெலிஸ்தரிடம் போக வேண்டியிருந்தது. அதற்கான கூலியைக் குறிக்கும் ‘பிம்’ என்ற சொல்லின் பொருள் நெடுங்காலம் விளங்காமல் இருந்து, அதே எழுத்துகள் பொறித்த சிறு எடைக்கற்கள் அகழ்வாய்வில் கிடைத்த பிறகே தெளிவானது; அந்தக் கல் ஒவ்வொன்றும் 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு. யுத்த நாள் வந்தபோது, சவுலிடத்திலும் யோனத்தானிடத்திலும் தவிர, ஜனத்தில் ஒருவன் கையிலும் பட்டயமோ ஈட்டியோ இல்லை. வெறுங்கையோடு நின்ற ஒரு ஜனம், தன்னிடம் இருந்த கொஞ்ச இரும்பை இரண்டு பேரிடம் நம்பிக் கொடுத்திருந்தது. அந்த இருவரில் மகன் தன் பங்கை நண்பனுக்குக் கொடுத்தான். தகப்பனோ தன் ஈட்டியைக் கடைசிவரை கீழே வைக்கவில்லை.

கவனித்து வாசித்தால், 18ஆம் அதிகாரம் முதல் சவுல் வரும் பல இடங்களில் அந்த ஈட்டியும் வருகிறது. தாவீது தினந்தோறும் செய்கிறபடி சுரமண்டலம் வாசித்தான், சவுலின் கையிலே ஈட்டியிருந்தது என்று ஒரே மூச்சில் சொல்லப்படுகிறது. ராஜாவின் மனக்கலக்கத்தை ஆற்றுவதற்கென்றே அழைத்துவரப்பட்டவன் ஒரு பக்கம் தந்தி மீட்டுகிறான். ஆறுதல் பெற வேண்டியவன் மறுபக்கம் ஆயுதத்தை இறுகப் பிடித்திருக்கிறான். அவனைச் சுவரோடே உருவக் குத்திப்போடுவேன் என்று ஈட்டியை எறிகிறான்; தாவீது இரண்டு முறை விலகித் தப்புகிறான். பின்பு ஓர் இரவு அதே அறையில் அதே வாத்தியம், அதே ஈட்டி. இந்த முறை அது சுவரில் பாய்ந்து நிற்கிறது. அதற்குப்பின் அந்த வீட்டில் சுரமண்டலச் சத்தம் கேட்டதாகச் செய்தி இல்லை.

வீட்டுக்குள்ளிருந்தவர்களே ஒவ்வொருவராக அவனுக்கு அந்நியராகிறார்கள். மகள் மீகாள், கணவனாகிய தாவீதை ஜன்னல் வழியாய் இறக்கிவிட்டு, கட்டிலில் ஒரு சுரூபத்தைக் கிடத்திப் போர்வையால் மூடுகிறாள். அவன் வியாதியாயிருக்கிறான் என்று தகப்பனுடைய சேவகரிடம் பொய் சொல்கிறாள். அமாவாசை விருந்தில் தாவீதின் இடம் வெறுமையாய் இருப்பதைச் சவுல் முதல் நாள் கவனித்தும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் நாள், ஈசாயின் மகன் நேற்றும் இன்றும் ஏன் சாப்பிட வரவில்லை என்று கேட்கிறான். தாவீது என்ற பெயர் அவன் வாயில் வரவில்லை. தன் மகளைக் கட்டியவனை, தன் படையை நடத்தியவனை, எவனோ ஒருவனுடைய மகன் என்று குறிப்பிடும்போதே, கேட்பவர்களுக்கு அவன் யாரோவாகிவிடுகிறான். அவனுக்காகப் பரிந்து பேசிய யோனத்தானை நோக்கியும் அந்த ஈட்டி எழுகிறது. உன் ராஜ்யபாரத்தைக் காப்பாற்றத்தான் இத்தனையும் என்று மகனிடம் சொன்ன அடுத்த நொடியில் அந்த மகனையே கொல்ல முயல்கிறான்.

இந்தக் கதையின் உச்சம் கோலியாத்தும் அல்ல, சவுல் மடிந்த கில்போவா மலையும் அல்ல, 22ஆம் அதிகாரத்தில் கிபியாவில் நடக்கும் அந்தச் சிறு சபைதான் என்பது என் எண்ணம். கிபியா, எருசலேமுக்குச் சில கிலோமீட்டர் வடக்கே உள்ள தெல் எல்-ஃபூல் என்னும் மேடு என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். யோர்தானின் ஹுசைன் மன்னர் அதே மேட்டில் ஓர் அரண்மனை கட்டத் தொடங்கி, 1967ஆம் ஆண்டுப் போரால் அது பாதியில் நின்று, தூண்களும் தளங்களுமாக இருந்துவருகிறது. அந்த மேட்டில் ஒரு மரத்தடியில், ஈட்டி கையிலிருக்க, ஊழியக்காரர் சுற்றிலும் நிற்க, சவுல் உட்கார்ந்திருக்கிறான். சுற்றி நின்றவர்கள் அவனுடைய சொந்தக் கோத்திரத்தாராகிய பென்யமீனர். அவர்களைப் பார்த்து அவன் கேட்கிறான்: ஈசாயின் மகன் உங்களுக்கெல்லாம் வயல்களும் திராட்சத்தோட்டங்களும் கொடுப்பானோ, உங்களையெல்லாம் ஆயிரம்பேருக்கும் நூறுபேருக்கும் தலைவராக்குவானோ, நீங்கள் எல்லாரும் எனக்கு விரோதமாய்க் கட்டுப்பாடு பண்ணிக்கொண்டீர்களே, என் மகன் அவனோடு உடன்படிக்கை செய்ததை எனக்கு வெளிப்படுத்துகிறவன் ஒருவனும் இல்லையே, எனக்காகப் பரிதாபப்படுகிறவன் உங்களில் ஒருவனும் இல்லையே.

முதலில் ஒருவன்மேல் இருந்த ஐயம், பிறகு மகன்மேல் விழுந்து, இப்போது ‘நீங்கள் எல்லாரும்’ என்று ஆகிவிட்டது. உண்மை பேசிய மகனுக்கு ஈட்டி எறிந்தவன், எனக்கு யாரும் எதையும் சொல்வதில்லை என்று முறையிடுகிறான். அவனே வாயடைத்துவைத்த அந்த மனிதர்கள் என்ன சொல்ல முடியும்? சபை மௌனமாக நின்றது.

அந்த மௌனம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓரிடத்தில், எங்கள் பொறுப்பாளர் தமக்குக் கீழிருந்த ஓர் இளைஞனை ஐயுறத் தொடங்கினார். மேலிடத்திலிருந்து வந்த ஒருவர் அந்த இளைஞனின் வேலையைப் பலர் முன்னிலையில் பாராட்டியதுதான் தொடக்கம். சில வாரங்களில் சரக்கறைச் சாவியை அவரே வீட்டுக்கு எடுத்துச் செல்லலானார். தேநீர் நேரத்தில் யார் யாரோடு நின்று பேசுகிறார்கள் என்று தம் அறைக் கதவைப் பாதி திறந்து வைத்துப் பார்ப்பார். ஒருநாள் எங்களையெல்லாம் கூப்பிட்டு, “இங்க நடக்கிறது எதையும் என்கிட்ட யாரும் சொல்றதில்ல” என்றார். குரலில் கோபத்தைவிட அழுகைதான் அதிகம் இருந்தது. நாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒருவர் மட்டும் வாய் திறந்து, அந்தப் பையன் மதியம் வேறொரு பிரிவுத் தலைவரின் அறைக்குள் போனதைப் பார்த்தேன் என்றார். அவர் சொன்னது பொய்யல்ல. தன் தாயின் சிகிச்சைக்கான ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கத்தான் அவன் போனான் என்பது எனக்குத் தெரியும். என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தான். நான் பேசவில்லை. அந்த வாரத்திலேயே அவனுக்கு மாற்றல் வந்தது. அதற்குப் பிறகு 22ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம், பெயர் சொல்லப்படாத அந்தப் பென்யமீனரில் ஒருவனாக என்னையே காண்கிறேன்.

கிபியாவில் பேசியவன் ஏதோமியனாகிய தோவேக்கு. ஈசாயின் மகன் நோபுக்கு ஆசாரியனாகிய அகிமெலேக்கிடம் வந்ததைக் கண்டேன், அவன் இவனுக்கு வழிப்பிரயாணத்துக்கு ஆகாரமும் கோலியாத்தின் பட்டயமும் கொடுத்தான் என்றான். இதிலும் பொய் இல்லை. ஆனால் ராஜாவின் அவசர காரியமாக வந்தேன் என்று தாவீது சொன்னதை நம்பியே ஆசாரியன் கொடுத்தான் என்பது அந்தச் சாட்சியத்தில் இல்லை. தாவீதும் இங்கே குற்றமற்றவன் அல்லன். பயத்தில் ஆசாரியனிடம் உண்மையை மறைத்தான், பிற்பாடு இத்தனை பேரின் சாவுக்கும் நானே காரணமானேன் என்று ஒப்புக்கொண்டான். சந்தேகம் பிடித்த ஆட்சியில் நல்லவனும் பொய் சொல்லத் தொடங்கிவிடுகிறான் என்பதற்கு அதுவே சாட்சி.

வரவழைக்கப்பட்ட அகிமெலேக்கு சொன்ன மறுமொழி, அந்தச் சபையில் பேசப்பட்ட ஒரே நேரான பேச்சு. உம்முடைய ஊழியக்காரர் எல்லாரிலும் தாவீதைப்போல உண்மையுள்ளவன் யார், அவன் ராஜாவின் மருமகன் அல்லவா என்று கேட்டான். ராஜா உச்சரிக்க மறுத்த பெயரையும், மறக்க விரும்பிய உறவையும் ராஜாவின் முன்னிலையிலேயே எடுத்துச் சொன்னான். அதற்குக் கிடைத்த பதில் மரண ஆக்கினை. அருகில் நின்ற சேவகர்கள் கர்த்தருடைய ஆசாரியர்மேல் கை நீட்ட மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பையாவது அவர்கள் செய்தார்கள் என்பது சிறு ஆறுதல். தோவேக்கு செய்தான். ஆசாரியரின் மேலாடையாகிய சணல்நூல் ஏபோத்தைத் தரித்திருந்த 85 பேர் அன்று மடிந்தார்கள். நோபு ஊரில் பெண்களும் குழந்தைகளும் கால்நடைகளும்கூட மிஞ்சவில்லை.

தப்பிய ஒருவன், அகிமெலேக்கின் மகன் அபியத்தார், ஏபோத்தை எடுத்துக்கொண்டு தாவீதிடம் ஓடிப்போனான். கதை சொல்பவர் இதைப் போகிற போக்கில் சொல்கிறார். எனக்கோ சவுலின் அழிவுக்கான காரணம் முழுவதும் இங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது. தேவசித்தத்தைக் கேட்டறிவதற்கு அன்றைய ராஜாவுக்கு இருந்த வழி ஆசாரியனும் ஏபோத்தும். எல்லாவற்றையும் அறிந்தே தீர வேண்டும் என்ற வெறியில் சவுல் ஆசாரியரைக் கொன்றான்; அறியும் வழி எழுந்து நடந்து எதிராளியின் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது. இனி தாவீது கேட்டால் பதில் வரும், சவுல் கேட்டால் வராது. சாமுவேல் ஏற்கெனவே விலகிப் போய்விட்டார். மகன் பேசினால் ஈட்டி, மகள் சொன்னது பொய், ஊழியக்காரரிடம் மௌனம். மிச்சமிருந்தவன் தோவேக்கு.

அதன்பின் ஒரு மனிதனைத் தேடி 3000 பேர் வனாந்தரத்தில் அலைகிறார்கள். அதுலாம் குகையில் தாவீதிடம் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 400 பேர். சில காலத்தில் 600 ஆனார்கள். ஒடுக்கப்பட்டவர்களும், கடன்பட்டவர்களும், மனம் கசந்தவர்களும் அங்கே கூடினார்கள் என்று வேதம் சொல்கிறது. ராஜாவின் பயமே அவனுக்குப் படை திரட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. மாகோன் வனாந்தரத்தில் சவுல் தாவீதை வளைத்துவிட்ட வேளையில், பெலிஸ்தர் தேசத்தின்மேல் படையெடுத்து வந்தார்கள் என்று ஆள் வந்து கூவ வேண்டியிருந்தது. உள்ளே எதிரியைத் தேடிக்கொண்டிருந்தபோது வெளியே எல்லை திறந்து கிடந்தது. அதே 23ஆம் அதிகாரத்தில் இன்னொன்றும் வருகிறது: சவுல் அனுதினமும் தேடியும் கிடைக்காதவனை, யோனத்தான் எழுந்து காட்டுக்குள் போய்ச் சந்தித்தான். நீர் இஸ்ரவேலின்மேல் ராஜாவாயிருப்பீர், நான் உமக்கு இரண்டாவதாயிருப்பேன், இதை என் தகப்பனும் அறிந்திருக்கிறார் என்றான். அதை அறிந்திருந்தது தகப்பனும் மகனும் இருவருமே. ஆனால் 3000 பேருக்குத் தெரியாத வழி, நம்பியவனுக்குத் தெரிந்திருந்தது.

சீப் வனாந்தரத்தில் ஓர் இரவு, பாளயத்தின் நடுவே சவுல் தூங்குகிறான். அவனுடைய ஈட்டி தலைமாட்டில் தரையில் குத்தி நிற்கிறது. சுற்றிலும் படைத்தலைவன் அப்னேரும் படையும் அயர்ந்து கிடக்கிறார்கள். தாவீதோடு வந்த அபிசாயி, அந்த ஈட்டியாலேயே ஒரே குத்தாகக் குத்திவிடுகிறேன், இரண்டாம் குத்து வேண்டியதில்லை என்கிறான். தாவீது தடுத்துவிட்டு, ஈட்டியையும் தண்ணீர்ச் செம்பையும் மட்டும் எடுத்துக்கொண்டு எதிர்மலைக்குப் போய் நின்று குரல் கொடுக்கிறான். விழித்தெழுந்த சவுல் கேட்கிறான்: “என் குமாரனாகிய தாவீதே, இது உன்னுடைய சத்தமல்லவா?” இருட்டில் முகம் தெரியாத வேளையில், ஈட்டி கையில் இல்லாத வேளையில், ஈசாயின் மகன் மறுபடியும் தாவீது ஆகிறான், குமாரனும் ஆகிறான். இதோ ராஜாவின் ஈட்டி, வாலிபரில் ஒருவன் வந்து வாங்கிக்கொண்டு போகட்டும் என்கிறான் தாவீது. ஈட்டியைத் திருப்பிக் கொடுத்தான். தான் திரும்பிப் போகவில்லை. அடுத்த அதிகாரத்தில் அவன் பெலிஸ்தரின் தேசத்துக்கே போய்விடுகிறான். இஸ்ரவேலின் மிகச் சிறந்த படைத்தலைவன் ஒரு வருஷமும் நாலு மாதமும் காத் ராஜாவாகிய ஆகீசின் நிழலில் வாழ்ந்தான்.

நம்பிக்கை என்றால் நல்லது, ஐயம் என்றால் கெட்டது என்று இந்தப் புத்தகம் எங்கும் எளிதாகச் சொல்லிவிடுவதில்லை. ஆகீஸ் தாவீதை முழுவதும் நம்பினான்; தாவீதோ வேறு ஜாதியாரைக் கொள்ளையிட்டுவிட்டு, யூதாவின் தென்புறத்தைக் கொள்ளையிட்டேன் என்று அவனிடம் பொய்க்கணக்குச் சொல்லிவந்தான். ஆப்பெக்கில் படைகள் கூடியபோது, யுத்தத்தில் இவன் நமக்கே எதிரியாகத் திரும்புவான் என்று பெலிஸ்தப் பிரபுக்கள் மறுத்தார்கள். அந்தப் பழைய பாட்டையே ஆதாரமாகச் சொன்னார்கள். அவர்களுடைய ஐயம் விவேகமானது, ஏனென்றால் அவர்கள் யாரையும் கொல்லவில்லை, வழியனுப்பி வைத்தார்கள். ஆராயாமல் நம்பித் தெளிந்தவன் ஆகீஸ். தான் நம்பித் தெளிந்தவனையே ஐயுற்றவன் சவுல்.

கடைசியில் சவுல் கர்த்தரிடத்தில் விசாரிக்கிறான். சொப்பனத்திலும், ஆசாரியர் தேவசித்தம் அறியப் பயன்படுத்திய ஊரீமிலும், தீர்க்கதரிசிகளிலும் பதில் வரவில்லை. இறந்தவர்களை அழைத்துக் குறிசொல்பவர்கள் என்று தானே தேசத்திலிருந்து துரத்திய அஞ்சனக்காரர்களில் ஒருத்தியைத் தேடி, வேஷம் மாறி, இரவில் எந்தோருக்குப் போகிறான். அந்தப் பெண்ணும் அவனைச் சந்தேகிக்கிறாள்: என்னைக் கொன்றுபோடக் கண்ணி வைக்கிறீரா என்கிறாள். அவன் விதைத்த பயம் முகமூடியோடு வந்த அவனையே எதிர்கொள்கிறது. மறுநாள் கில்போவாவில் அவன் மடிந்தான். அவன் தன் ஈட்டியின்மேல் சாய்ந்துகொண்டிருந்ததைக் கண்டேன் என்று ஓர் அமலேக்கியன் தாவீதிடம் வந்து சொன்னான். அவன் சொன்ன கதையின் மற்றப் பகுதிகள் நம்பத்தக்கவை அல்ல என்றாலும், அந்த ஒரு காட்சியை என்னால் மறக்க முடிவதில்லை. பெத்சானின் சுவரில் தொங்கிய உடலை இரவோடு இரவாக நடந்து போய் இறக்கியவர்கள், முன்னொருநாள் அவன் கண்களைக் காத்துக் கொடுத்த யாபேசின் மனிதர்கள். எலும்புகளை அவர்கள் அடக்கம் பண்ணிய மரத்துக்கு எபிரெயத்தில் ‘எஷெல்’ என்று பெயர். கிபியாவில் ஈட்டியோடு அவன் உட்கார்ந்திருந்ததும் ஓர் எஷெல் மரத்தடியில்தான்.

தாவீது ராஜாவான பின்பு என்ன ஆயிற்று என்பதையும் பார்த்துவிட வேண்டும். நாகாஸ் இறந்தபோது, அவன் மகன் ஆனூனுக்கு ஆறுதல் சொல்லத் தாவீது ஆட்களை அனுப்பினான். பிரபுக்கள் ஆனூனின் காதில், இவர்கள் பட்டணத்தை உளவு பார்க்க வந்தவர்கள் என்று ஓதினார்கள். அவன் அந்தத் தூதர்களின் தாடியில் பாதியைச் சிரைத்து, உடையை நடுவில் கத்தரித்து அனுப்பினான். துக்கம் கேட்க வந்தவர்களை அவமானப்படுத்திய அந்தச் சந்தேகம், 33,000 கூலிப்படை திரட்டிய ஒரு போராகி, ரப்பா முற்றுகைவரை நீண்டது. அந்த முற்றுகையில்தான், தாவீது கவர்ந்துகொண்ட பத்சேபாளின் கணவனும் அவனுடைய படைவீரனுமாகிய உரியா இறந்தான். தன்னைச் சாகவிடச் சொன்ன தாவீதின் கடிதத்தைத் தானே படைத்தலைவன் யோவாபிடம் சுமந்து போனான். அதைப் பிரித்துப் பார்க்க மாட்டான் என்று தாவீது அவனுடைய உண்மையை நம்பியிருந்தான். என் கை அவன்மேல் படாமல் பெலிஸ்தரின் கை படட்டும் என்று சவுல் ஒருகாலத்தில் தாவீதுக்கு நினைத்ததை, அம்மோனியரின் பட்டயத்தால் தாவீது உரியாவுக்குச் செய்து முடித்தான்.

அதைவிடச் சிறியதாகத் தோன்றும் இன்னொரு சம்பவம் என் மனதை அதிகம் அறுக்கிறது. யோனத்தானின் மகன் மேவிபோசேத். இரண்டு கால்களும் முடமானவன். யோனத்தானுக்குக் கொடுத்த வாக்குக்காகத் தாவீது அவனைத் தேடி அழைத்து, சவுலின் நிலங்களையெல்லாம் திரும்பக் கொடுத்து, தன் பந்தியில் உட்காரவைத்தான். தன் மகன் அப்சலோமின் கலகத்தில் தாவீது எருசலேமை விட்டு ஓடும்போது, மேவிபோசேத்தின் காரியஸ்தன் சீபா 200 அப்பங்களும், 100 வற்றலான திராட்சக்குலைகளும், ஒரு துருத்தி திராட்சரசமும் கழுதைகளில் ஏற்றிக்கொண்டு எதிரே வந்தான். உன் எஜமான் எங்கே என்று கேட்டதற்கு, ராஜ்யம் தனக்குத் திரும்ப வரும் என்று எருசலேமில் தங்கிவிட்டான் என்றான். தாவீது மறுகேள்வி கேட்கவில்லை. அவனுடைய நிலமெல்லாம் உன்னுடையதாயிற்று என்று நின்ற இடத்திலேயே தீர்ப்புச் சொன்னான். பசித்த நேரத்தில் அப்பத்தோடு வந்த சொல்லை நம்பினான். கிபியாவில் தோவேக்கின் சொல் எத்தனை உயிர்களைக் குடித்தது என்று அறிந்தவன், அதே போன்ற ஒரு சொல்லைக் கேட்டு, தன் உயிர்த்தோழனின் மகனைத் துரோகியாக்கினான்.

கலகம் அடங்கித் தாவீது திரும்பி வந்த நாளில் மேவிபோசேத் எதிர்கொண்டு வந்தான். ராஜா போன நாள்முதல் அவன் தன் கால்களைப் பேணவில்லை, தாடியைச் சீர்படுத்தவில்லை, வஸ்திரங்களை வெளுக்கவில்லை. வேலைக்காரன் என்னை ஏமாற்றிவிட்டான், கழுதைக்குச் சேணம் கட்டி ஏறி வர இருந்தேன், நான் முடவன் அல்லவா என்றான். அழுக்கேறிய துணியையும் வளர்ந்த தாடியையும் தாவீது கண்ணால் கண்டான். ஆனாலும் தான் தவறாக நம்பிவிட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. உன் காரியத்தைப்பற்றி அதிகமாய்ப் பேசுவானேன், நீயும் சீபாவும் நிலத்தைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்றான். அதற்கு மேவிபோசேத், என் ஆண்டவன் சமாதானத்தோடு வீடு வந்து சேர்ந்தாரே, அவன் எல்லாவற்றையுமே எடுத்துக்கொள்ளட்டும் என்றான். தாவீது அதற்கு என்ன சொன்னான் என்று எழுதப்படவில்லை. அடுத்த வசனத்தில் கீலேயாத்தியனாகிய பர்சிலா யோர்தானைக் கடக்க வந்துவிடுகிறான்.